சார்ட்டக்காவின் ஒன்றரை நாள் விடுமுறை

பஸ் டெப்போவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. மேனேஜர் முதல் வண்டி கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் சார்ட்டக்கா. எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், எந்த நடத்துநருக்கு என்றைக்கு வார ஓய்வு, ஒருவர் வராவிட்டால் அவருக்குப் பதில் யார் என்று வாராவாரம் டூட்டி சார்ட் போடுவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

அவளுடைய அறை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. கூரை சரிவாக இறங்குவதால், நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது தலையைச் சற்று இடது பக்கம் சாய்த்துத்தான் எழுந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வு பழகிப்போய் வீட்டிலும் அப்படித்தான் எழுந்திருப்பாள். படியில் யாராவது ஓடினால் மேஜைமேல் பேனா குதிக்கும். ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியாகக் காற்று வருவதைவிட டீசல் புகை அதிகம் வரும். புகையைவிட அதிகமாகத் தலைகள் வரும்.

"அக்கா, வியாழக்கிழமை மட்டும் மாத்திக் குடுங்கக்கா. மச்சினன் வீடு மாத்துறான், சாமான் ஏத்த ஆள் இல்ல."

"அக்கா, விடிகாலை ட்ரிப் வேணாங்கா. பாப்பாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல்."

"அதெல்லாம் முடியாது. போன வாரம்தானே உனக்கு மாத்திக் குடுத்தேன்? உனக்கு மட்டும்தான் குடும்பம் இருக்கா?" என்று முதலில் எரிந்து விழுவாள். பிறகு ரப்பரைத் தேடுவாள். திட்டாமல் அவள் ரப்பரை எடுத்ததில்லை. திட்டிவிட்டு எடுக்காமல் இருந்ததும் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய ஓய்வு நாளும் அவள் கையில் இருந்தது. அந்த சார்ட்டில் அவளுக்கென்று மட்டும் ஒரு கட்டம் கிடையாது. எடுக்காத லீவு வருடாவருடம் காலாவதியாகிக்கொண்டே போனது.

வீட்டிலும் இதே கதைதான். கணவன் ஜெராக்ஸ் மெஷின் மெக்கானிக். விரல் நகங்களில் எப்போதும் கறுப்புப் பொடி. மகள் கல்லூரியில் முதல் வருடம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் யார் துணி துவைப்பது, யார் தண்ணீர் பிடிப்பது என்று ஒரு சார்ட் ஒட்டியிருக்கும். அதை ஒட்டியவளைத் தவிர வேறு யாரும் அதைப் படிப்பதில்லை.

இப்படிப்பட்டவளுக்குக் கயாக் ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. டெப்போவில் வண்டிகளின் பின்னால் ஒட்டுவதற்காக ஒரு கட்டு விளம்பரத் தாள் வந்திருந்தது. அணைக்குப் பின்னால் பெரிய ஏரி, கரையில் கூடாரம், தண்ணீர் விளையாட்டு என்று போட்டிருந்தது. அதில் 'கயாக்' என்று ஒரு படம். வாளை மீன் மாதிரி ஒல்லியான ஒரு படகு, அதில் தன்னந்தனியாக ஒரு பெண், மடியில் குறுக்கே இரட்டைத் துடுப்பு. முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவளைச் சுற்றி அசையாத தண்ணீர். 'இவளைக் கூப்பிட ஜன்னலில் தலையை நீட்ட ஒருத்தனாலும் முடியாது' என்று சார்ட்டக்கா நினைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரமே நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்ந்தாள். காலை ஆறு முதல் ஏழு வரை பெண்கள் நேரம். நாற்பத்து மூன்று வயதில் தண்ணீருக்குள் மூக்கால் ஊதக் கற்றுக்கொள்வது லேசுப்பட்ட வேலையில்லை. முதல் இரண்டு மாதம் குளத்தின் சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டே கிடந்தாள். பக்கத்தில் எட்டு வயதுப் பெண் குழந்தைகள் மீன்குஞ்சுகளாக ஓடின. மூன்றாவது மாதம் கை சுவரை விட்டது. ஆறாவது மாதம் குளத்தின் அகலம். எட்டாவது மாதம் நீளம், அதுவும் நிற்காமல் இரண்டு தடவை.

"எதுக்கு இந்த வேலை? பஸ்ஸெல்லாம் இனிமே தண்ணியிலயா ஓடப்போகுது?" என்றான் கணவன். அவள் ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டாள்.

தோழிகளிடம் நீச்சலைப் பற்றிச் சொல்லவே இல்லை. அது மட்டும் வேண்டுமென்றே செய்தது.

தோழிகள் மூன்று பேர். பாலிடெக்னிக் விடுதியில் ஏழாம் எண் அறையில் நாலு கட்டில் போட்டு மூன்று வருடம் ஒன்றாக இருந்தவர்கள். ஒருத்தி கணக்கு டீச்சர். எதைச் சொன்னாலும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுபோலச் சொல்வாள். இன்னொருத்தி மருந்துக்கடை வைத்திருக்கிறாள். கடையில் இரண்டு பேரை வேலைக்கு வைத்துவிட்டு, அவர்களை நம்பாமல் எந்நேரமும் போனில் இருப்பாள். மூன்றாமவள் பூனை. நடந்து வந்தால் காலடிச் சத்தம் கேட்காது என்று விடுதியில் வைத்த பெயர். பூனை வேலைக்குப் போகவில்லை. இரண்டு வருடமாகப் படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறாள். அவர்களுக்கு சார்ட்டக்கா 'டைம்டேபிள்'. விடுதி நாட்களிலேயே யார் எப்போது குளிப்பது என்று கதவில் எழுதி ஒட்டியவள் அவள்தான்.

ஏரிப் பயணத்துக்கு மூன்று தடவை நாள் குறித்தாள். முதல் தடவை டீச்சருக்குத் தேர்வுத் தாள் திருத்தும் வேலை வந்தது. இரண்டாவது தடவை மருந்துக்கடையில் பரிசோதனைக்கு ஆள் வந்தார்கள். மூன்றாவது தடவை டீச்சருக்குப் பல் வலி. நாலாவது தடவை குறித்தபோது, "இந்தத் தடவை எவளாவது வரலேன்னா நான் தனியாப் போயிடுவேன்" என்று போனில் இருந்த நாலு பேர் குழுவில் எழுதினாள். மூவரும் சிரிக்கும் முகங்களை அனுப்பினார்கள். அவள் சிரிப்பதற்காக எழுதவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. அப்போதுதான் ஒன்பது மணிக்குப் போய்ச் சேரலாம். ஏரியில் கயாக் விடுவது காலையில் மட்டும்தான். ஐந்து இருபதுக்கே பையோடு தெருமுனையில் நின்றாள். மருந்துக்கடைக்காரி காரோடு ஆறே காலுக்கு வந்தாள். பூனை ஏற்கெனவே பின்சீட்டில் இருந்தாள். டீச்சர் வீட்டு வாசலில் அரை மணி நேரம் ஹாரன் அடித்தார்கள். ஏழு மணிக்கு ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டீச்சர் வந்தாள்.

"ஏன்டி மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? ஏரி என்ன ஓடியா போயிடும்?" என்றாள்.

"ஏரி ஓடாதுடி. நேரம் ஓடும்."

"ஆரம்பிச்சுட்டா டைம்டேபிள்!" என்று மருந்துக்கடைக்காரி சிரித்தாள். வழியில் அவள் நாலு இடத்தில் வண்டியை ஓரங்கட்டிக் கடைக்குப் பேசினாள். "மஞ்சள் அட்டைப்பெட்டிடா... அது இல்ல, அதுக்குப் பக்கத்துல..." ஒவ்வொரு தடவையும் சார்ட்டக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பூனை மட்டும் மெதுவாக, "மதியத்துக்கு மேலயும் விடுவாங்களோ என்னவோ" என்று ஆறுதல் சொன்னாள்.

விடவில்லை. போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. படகுத்துறைக்காரர் நடுத்தர வயது மனிதர், கழுத்தில் விசில். "மதியத்துக்கு மேல காத்து ஏறிடும்மா. கயாக்கெல்லாம் கட்டிப் போட்டாச்சு. நாளைக்குக் காலைல ஆறரைக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை மோட்டார் படகு சீக்கிரம் ஆரம்பிச்சுடும், அதனால கயாக் ஒம்போது வரைக்கும்தான். இப்போ வேணும்னா மிதவை இருக்கு" என்றார்.

மிதவை என்பது மோட்டார் படகுக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துப் போகும் நீளமான மஞ்சள் ரப்பர் குழாய். குதிரைமேல் உட்காருவதுபோல வரிசையாக உட்கார வேண்டும். டீச்சருக்கு வாயெல்லாம் பல். "வாங்கடி!" என்று கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றியவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை சார்ட்டக்காவின் கையில் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரி போனைக் கொடுத்தாள். "கடையிலேர்ந்து வந்தா எடுத்துப் பேசுடி. மஞ்சள் பெட்டின்னு சொல்லு."

"நான் வரலியா?"

"சாமானை யார் பாத்துப்பா? நீன்னா பத்திரமா வெச்சுப்ப."

நாலு பேர் உட்காரும் மிதவையில் மூன்று பேர் போனார்கள். நாலாவது இடம் காலியாகத் தண்ணீரில் துள்ளிக்கொண்டு போனது. சார்ட்டக்கா கரையில் இரண்டு கை நிறைய அடுத்தவர்களின் சாமானோடு நின்றாள். நான் ஏறுகிறேன், பைகளைக் காரில் பூட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்களாகவே கேட்க வேண்டும் என்று நினைத்தாள். அவர்களோ ஏரி அதிரக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. டெப்போவிலிருந்து ஒரு ஓட்டுநர். "அக்கா, நாளைக்கு எனக்கு முதல் ட்ரிப் போட்டிருக்கீங்களே..."

"நான் லீவுலடா!"

"தெரியும்க்கா. அதான் போன்ல கேக்குறேன்."

பேசி முடிப்பதற்குள் மூன்று பேருக்கு இடம் மாற்ற வேண்டியதாயிற்று. காகிதம் இல்லாததால் ஈர மணலில் குச்சியால் கட்டம் போட்டு மாற்றினாள்.

கூடாரம் கொண்டுவருவது டீச்சரின் பொறுப்பு. அவள் கொழுந்தனிடம் நல்ல கூடாரம் ஒன்று இருந்தது. துணியை விரித்தார்கள், பெரியதாக, நேர்த்தியாக இருந்தது. கம்பிகள் இருக்கும் நீளப் பையைப் பிரித்தார்கள். உள்ளே பூப்பந்து விளையாட்டுக்கு வலை கட்டும் கம்பம் இரண்டும், ஓட்டை விழுந்த ஒரு வலையும் இருந்தன.

பூனைதான் வாயைப் பொத்திக்கொண்டு முதலில் சிரித்தாள்.

"ரெண்டு பையும் ஒரே மாதிரி இருந்துச்சுடி," என்றாள் டீச்சர்.

"திறந்து பாத்தியா?"

"பையோட நீளத்தைப் பாத்தேன்."

"நீ பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்குற லட்சணம் இதுதானா? நான் லிஸ்ட்டுல எழுதியிருந்தேனே, கம்பி எட்டுன்னு! எண்ணிப் பாத்துட்டு வைன்னு!"

"சும்மா கத்தாதடி. ஓய்வுக்குத்தானே வந்திருக்கோம்!"

ஓய்வுக்கு வந்தவர்கள் மூவரும் தலை துவட்டப் போனார்கள். சார்ட்டக்கா முகாம் அலுவலகத்தில் கயிறு வாங்கி வந்து, துணியின் இரண்டு மூலைகளை மரங்களில் கட்டினாள். மூன்றாவதை வலைக் கம்பத்தில் கட்டினாள். நாலாவதுக்கு ஒன்றும் அகப்படாமல், காரின் பக்கக் கண்ணாடியில் கட்டினாள். சாயங்காலம் ஒரு பாட்டம் மழை பெய்தது. துணியின் நடுவில் தண்ணீர் தேங்கிப் பானை வயிறு மாதிரி தொங்கியது. மருந்துக்கடைக்காரி அதைக் குடையால் ஒரு குத்துக் குத்த, மொத்தமும் சார்ட்டக்காவின் பையில் கொட்டியது. அவள் மாற்றுத் துணி அத்தனையும் நனைந்தது. "உனக்குன்னு வந்து வாய்க்குது பாரு," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள்.

'போகட்டும். நாளைக் காலை இருக்கிறது' என்று சமாதானம் செய்துகொண்டாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே தயாராகிவிட்டாள். ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. கரையில் இருவர் உட்காரும் கயாக்குகள் இரண்டு, ஒருவர் உட்காருவது ஒன்று. அந்த ஒற்றைப் படகு ஆரஞ்சு நிறம். மற்ற மூவரையும் எழுப்பினாள். "அஞ்சு நிமிஷம்டி," என்றாள் டீச்சர். அந்த ஐந்து நிமிடம் ஏழு மணி வரை நீண்டது. அப்புறம் டீ போட்டார்கள். டீக்கு பிஸ்கட் தேடினார்கள். மருந்துக்கடைக்காரி புருவம் வரைந்துகொண்டாள். துறைக்கு வந்தபோது மணி ஏழே முக்கால்.

"யாருக்கு நீச்சல் தெரியும்?" என்று கேட்டார் படகுத்துறைக்காரர்.

மூவரும் உதட்டைப் பிதுக்கினார்கள். சார்ட்டக்கா எட்டு மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த நேரம் இதுதான். "எனக்குத் தெரியும்," என்றாள்.

"உனக்கா?" டீச்சர் வெடித்துச் சிரித்தாள். "அண்ணே, நம்பாதீங்க. ஹாஸ்டல் தொட்டியில மக் விழுந்தா எடுக்கவே ஆள் கூப்பிடுவா இவ!"

"அதோ மிதக்குதே, அந்தச் சிவப்புப் பந்தைத் தொட்டுட்டுத் திரும்பணும். பாதுகாப்புச் சட்டை போட்டுக்குங்க, நான் பக்கத்துலயே வர்றேன்," என்றார் அவர்.

சார்ட்டக்கா இறங்கினாள். தண்ணீர் குளத்துத் தண்ணீரைவிடக் கனமாக, ஜில்லென்று இருந்தது. அடி தெரியவில்லை. முதல் பத்துக் கைவீச்சில் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு மூச்சு தானாக ஒழுங்குக்கு வந்தது. பந்தைத் தொட்டாள். திரும்பினாள். கரையேறியபோது தோழிகள் மூவரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். எத்தனை காலைகளில் அவள் கற்பனை செய்து வைத்திருந்தாளோ, அதே முகங்கள்.

"அடிப்பாவி! எப்போடி கத்துக்கிட்ட?" என்றாள் மருந்துக்கடைக்காரி.

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் படகுத்துறைக்காரர் முந்திக்கொண்டார். "அப்போ பிரச்சினையே இல்ல. ரெட்டைப் படகுல ஒருத்தருக்காவது நீச்சல் தெரியணும்னு விதி. இவங்க பின்னாடி உக்காந்து ஓட்டட்டும். நீங்க ஒவ்வொருத்தரா முன்னாடி ஏறிக்கலாம்."

மூவரும் கைதட்டினார்கள். "பாத்தியா? நம்ம டைம்டேபிள் இருக்கும்போது நமக்கென்ன கவலை!" என்றாள் டீச்சர்.

எட்டு மாதம் விடிகாலையில் எழுந்து, மூக்கில் தண்ணீர் ஏறி, தோள்பட்டை கழன்று கற்றுக்கொண்டது, இந்த மூன்று பேருக்கும் ஓட்டுநர் வேலை பார்க்கவா? சார்ட்டக்கா ஆரஞ்சுப் படகைப் பார்த்தாள். அது துறையின் ஓரத்தில் சும்மா மோதிக்கொண்டு கிடந்தது. 'சீக்கிரம் முடித்துவிடலாம்' என்று நினைத்து இரட்டைப் படகில் ஏறினாள்.

முதலில் டீச்சர். அவள் துடுப்பை ஒரு தடவைகூடத் தண்ணீரில் போடவில்லை. குச்சி மாதிரி நட்டுப் பிடித்துக்கொண்டாள். "இடது பக்கம் வலிச்சா வலது பக்கம் திரும்பும்டி. சாதாரண விஷயம். நீ ரெண்டு பக்கமும் சமமா வலிக்கல, அதான் கோணலாப் போகுது."

"நீயும் கொஞ்சம் வலியேன்."

"நான் வலிச்சா உன் கணக்கு தப்பும்."

அடுத்து மருந்துக்கடைக்காரி. நீர் புகாத உறையில் போனைப் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தாள். ஏரியின் நடுவில் அது அடித்தது. "மேலேர்ந்து மூணாவது தட்டு... கண்ணு தெரியலையா உனக்கு? சிரப்புடா, மாத்திரை இல்ல!" அவள் கை ஆட்ட ஆட்டப் படகு ஆடியது. கரையிலிருந்து பூனை சார்ட்டக்காவின் போனை உயர்த்திக் காட்டிக் கத்தினாள். "டைம்டேபிள்! டெப்போலேர்ந்துடி!" சார்ட்டக்கா கேட்காததுபோல வலித்தாள். உள்ளங்கைகளில் கொப்புளம் கிளம்பியிருந்தது. தண்ணீரின் மேல் மெல்லச் சுருக்கம் விழத் தொடங்கியிருந்தது, காற்று வந்துவிட்டது.

துறைக்குத் திரும்பியபோது மணி எட்டு முப்பத்தைந்து. பூனை பாதுகாப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதுவரை தோளில் சுமந்த மூவரின் பைகளையும் டீச்சரிடம் கொடுத்துத் தயாராக நின்றாள். "வரட்டாடி?" என்று ஒரு காலைப் படகுக்குள் வைக்கப் போனாள்.

"இல்ல," என்றாள் சார்ட்டக்கா.

"என்ன?"

"இல்லடி. இனிமே என்னால முடியாது. இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. நான் தனியாப் போறேன்." குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. "எல்லாருக்கும் நானே ஓட்டணும், நானே கட்டணும், நானே காவல் காக்கணும். என்ன நெனச்சுட்டு இருக்கீங்க? நான் என்ன உங்களுக்கு டூட்டி பாக்கவா வந்தேன்?"

டீச்சரும் மருந்துக்கடைக்காரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்ல வேண்டியது அவர்களிடம். சொன்னதோ, மூன்று பேரில் அவளை ஒரு வேலையும் வாங்காத பூனையிடம். அது வாயை விட்டு வெளியே வந்தபோதே சார்ட்டக்காவுக்குத் தெரிந்தது. ஆனால் பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக ரப்பரைத் தேடாமல் ஒரு 'முடியாது' சொல்லியிருந்தாள். அதைத் திரும்ப எடுக்க அவளுக்கு மனசில்லை.

"சரி, நீ போயிட்டு வா," என்றாள் பூனை. சட்டையின் கொக்கியைக் கழற்றப் பார்த்தாள். அது சிக்கிக்கொண்டது. தலையைக் குனிந்து அதை இழுத்துக்கொண்டே நின்றாள்.

சார்ட்டக்கா ஆரஞ்சுப் படகில் ஏறினாள். இவ்வளவு நாள் காத்திருந்த அந்தப் படகு அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இரட்டைப் படகு கனமாக நேராகப் போனது. இது இலேசானது, காற்று தொட்ட பக்கமெல்லாம் திரும்பியது. மூன்று தடவை அதே இடத்தில் சுற்றினாள். கரையில் பூனை இன்னும் கொக்கியோடு போராடுகிறாளா என்று பார்க்கத் திரும்பினாள்; அந்த ஒரு கணத்தில் படகு நாணல் புதருக்குள் புகுந்து நின்றுவிட்டது. துடுப்பால் தள்ளினாள், கையால் தள்ளினாள், நாணல் இலை முழங்கையைக் கீறியது. "சனியனே!" என்று ஏரிக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு நாரை விருட்டென்று எழும்பிப் பறந்தது.

எப்படியோ புதரைவிட்டு வெளியே வந்து, சிறு மேடு ஒன்றைச் சுற்றிப் போனபோது கரை மறைந்தது. அங்கே காற்று இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. துடுப்பை மடியில் குறுக்கே வைத்தாள். யாரும் கூப்பிடவில்லை. இதற்காகத்தான் வந்தாள். ஆனால் கண்ணுக்குள் அந்தக் கொக்கி நின்றது. மாமியாருக்கு ஒன்றரை நாளைக்கு ஆள் ஏற்பாடு செய்ய, பூனை யார் யாரிடம் கெஞ்சியிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. 'பயணமும் கெட்டது, இந்தத் தனிமையும் கெட்டது' என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. இரண்டு நிமிடம் இருந்திருப்பாள். விசில் சத்தம் கேட்டது.

எதிர்காற்றில் அவளால் திரும்ப முடியவில்லை. படகுத்துறைக்காரர் மோட்டார் படகில் வந்து, கயாக்கைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போனார். கரையில் டீச்சர் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பூனை, மன்னிச்சுக்கடி," என்றாள் சார்ட்டக்கா, கரையேறிய கையோடு.

"பரவால்லடி," என்றாள் பூனை. அவ்வளவுதான் சொன்னாள். திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு தூங்குவதுபோல இருந்தாள். தூங்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மருந்துக்கடைக்காரிகூட வண்டியை ஓரங்கட்டவில்லை.

புதன்கிழமை டெப்போ வேலை முடிந்ததும் சார்ட்டக்கா பூனையின் வீட்டுக்குப் போனாள். இரண்டு மாடி ஏறி, கதவைத் தட்டினாள். பூனை திறந்தாள். கையில் மாமியாரின் அழுக்குப் போர்வை. உட்காரச் சொல்லவில்லை, குளியலறை வாசலிலேயே நின்று போர்வையை வாளியில் அமுக்கினாள்.

"கோவமா இருக்கியாடி?" என்று கேட்டாள் சார்ட்டக்கா. "படகுல உன்னை ஏத்தாம விட்டது தப்புதான். உன்மேல காட்டியிருக்கக் கூடாது."

"படகு கெடக்குது படகு." பூனை கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். "நீ தனியாப் போகணும்னா போயிருக்கலாம். காலைல ஆறு மணிக்கே, நாங்க தூங்கும்போதே போயிருக்கலாம். யார் தடுத்தா? எட்டு மாசம் நீச்சல் கத்துக்கிட்டிருக்க. வாரத்துல மூணு நாள் எனக்குப் போன் பண்ற. மாமியாருக்கு மலச்சிக்கல் வரைக்கும் நான் உன்கிட்ட சொல்றேன். நீ இதைச் சொல்லல."

"திடீர்னு காட்டலாம்னுதான்..."

"அதான் சொல்றேன். எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வெச்சுக்கற. நாங்களாக் கேக்கணும்னு நிக்கற. கேக்கலேன்னா உள்ளுக்குள்ள கணக்கு ஏறிட்டே போகுது. ஒருநாள் எவ அகப்படுறாளோ அவ தலையில கொட்டற. மிதவையில நாலாவது இடம் காலியாத்தானே இருந்துச்சு? நானும் வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? நான் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே இருந்தேன்."

பூனை இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. நியாயம் பேச வாய் துடித்தது. டீச்சரின் ஈரத் தலையைச் சொல்லலாம், கம்பிகளைச் சொல்லலாம், புருவத்தைச் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் எதுவும் இதற்குப் பதில் இல்லை. உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டார். "இரு, ஒரு பக்கம் பிடி," என்றாள் பூனை. இரண்டு பேருமாகக் கிழவியைப் புரட்டி, படுக்கை விரிப்பை மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் பூனை நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் டீச்சர் குழுவில் எழுதினாள். "செம ட்ரிப்புடி. அடுத்தது எப்போ? டைம்டேபிள், தேதி போடு." கூடவே, கயிற்றில் கட்டி இழுத்து வரப்படும் சார்ட்டக்காவின் வீடியோ.

சார்ட்டக்கா நெடுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு எழுதினாள். "இந்தத் தடவை நான் போடல. நீ போடு. எனக்குத் தனியா ஒரு படகு வேணும். யாருக்கும் ஓட்ட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

மருந்துக்கடைக்காரி கும்பிடும் கைகளை அனுப்பினாள். பூனை ஒன்றும் அனுப்பவில்லை. தனியாகப் போன் செய்து, "இப்பதான் மனுஷி மாதிரி பேசியிருக்க," என்றாள்.

டீச்சர் தேதி போடவில்லை. ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. சார்ட்டக்காவுக்குக் கை அரித்தது. மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, எந்தச் சனிக்கிழமை டீச்சருக்குப் பள்ளி இல்லை, என்றைக்கு மருந்துக்கடையில் இரண்டு ஆளும் இருப்பார்கள் என்று தானாகக் கணக்கு ஓடும். நாலு மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய ஏற்பாட்டுக்கு நாலு மாதம் காத்திருப்பது அவளுக்குப் பல்வலி மாதிரி இருந்தது. இரண்டு தடவை எழுதி, அனுப்பாமல் அழித்தாள்.

ஐந்தாவது மாதம் டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. "வர்ற சனிக்கிழமை காலைல கிளம்பறோம்."

எத்தனை மணிக்கு என்று இல்லை. யார் காரில் என்று இல்லை. கூடாரம் யார், கயிறு யார், கம்பி எத்தனை, ஒன்றும் இல்லை. சார்ட்டக்கா நாலு கேள்வி எழுதினாள். அவற்றில் மூன்றை அழித்தாள்.

"எத்தனை மணிக்கு?" என்று மட்டும் அனுப்பினாள்.

"காலைலடி," என்று பதில் வந்தது.

அவள் பற்களை நறநறவென்று கடித்துக்கொண்டு, "சரி," என்று எழுதினாள்.